மாஸ்கோ நிலத்தடி நிலையக் கலையும் பாட வேறுபாடும்

முன்னுரை

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் பணியில் பழகியோர்க்குப் பாட வேறுபாடு புதிய செய்தி அன்று. ஒரு நூல் பல கைகளின் வழியே வருங்கால் சொல் திரிதலும், அடி மறைதலும், இடைச்செருகல் புகுதலும் இயல்பேயாம். தேர்ந்த பதிப்பாசிரியர் இவற்றை வெறும் பிழை எனத் தள்ளிவிடுவதில்லை. இன்ன காலத்தார் இந்நூலை இவ்வாறு கொண்டனர் என்பதற்கு அவையும் சான்றாம் எனக் கருதி அடிக்குறிப்பிலே காட்டுவர். இம்முறையினை ஏட்டிலும் கல்வெட்டிலும் அன்றிப் பொதுமக்கள் நாள்தோறும் காணும் கலைப்பொருள்களிலும் செலுத்திக் காணலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இதற்கு எடுத்துக்காட்டாக ஈண்டு மாஸ்கோ நகரின் நிலத்தடி இருப்புப்பாதை நிலையங்கள் ஆராயப்பெறுகின்றன. அந்நிலையங்களின் சலவைக்கல்லும் வெண்கலமும் பலராலும் பாராட்டப்பெற்றவை. ஆயின் அவற்றின் சுவர்களில் ஒருகால் இருந்து மறைந்தவை எவை, மறைந்து மீண்டவை எவை என்னும் வினாவே வரலாற்று மாணவர்க்கு இன்றியமையாதது. படைத்தல், மறைத்தல், மீட்டல் என்னும் மூன்று நிலைகளில் இதனை முறையே காண்போம்.

தோற்றமும் நோக்கமும்

மாஸ்கோவில் நிலத்தடி இருப்புப்பாதை அமைத்தல் வேண்டும் என்னும் முடிவு 1931ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பொதுவுடைமைக் கட்சியின் நடுவண் குழுவில் மேற்கொள்ளப்பட்டது. 1935ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் 13 நிலையங்களுடன், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்பகுதி திறக்கப்பெற்றது. பணியை மேற்பார்த்த ககனோவிச்சின் பெயரே இருபதாண்டுகள் இப்பாதைக்கு வழங்கிற்று. 1955இல் அப்பெயர் நீங்க, லெனின் பெயர் இடப்பட்டது. முழுப்பாதையின் பெயரே ஒரு திருத்தத்துக்கு உட்பட்டமை இங்கு நோக்கத்தக்கது.

தொழிலாளர் நாள்தோறும் நடக்கும் இடத்திலே அரண்மனைக்குரிய எழில் இருத்தல் வேண்டும் என்பது அன்றைய ஆட்சியாளரின் கொள்கை. முற்காலத்து மன்னர்க்கும் செல்வர்க்கும் உரியனவாயிருந்த உயர்ந்த மண்டபமும் சரவிளக்கும் உழைப்பாளர்க்கு உரியனவாயின என்று காட்டுதலே அதன் கருத்து. இந்நோக்கத்தினை வெறும் பகட்டு என்று ஒதுக்குதல் பொருந்தாது. எனினும் நாட்டில் பெரும்பஞ்சம் நிலவிய 1932, 1933ஆம் ஆண்டுகளிலேயே இவ்வேலை நடைபெற்றது என்பதனையும் மறத்தல் கூடாது. நிலையத்தின் எழிலும் அக்காலத்தின் துயரும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் எனலாம்.

முதற்பகுதியிலேயே மற்றொரு குறிப்பும் கிடைக்கின்றது. மீட்பர் கிறித்துவின் பெருங்கோயில் 1931ஆம் ஆண்டு டிசம்பரில் இடிக்கப்பட்டது. அவ்விடத்தே சோவியத்துகளின் மாளிகை எழும் என்று அறிவித்தனர். கட்டடக் கலைஞர் துஷ்கின், லிக்தென்பெர்க் என்பாருடன் சேர்ந்து அமைத்த அருகிலுள்ள நிலையத்துக்கும் அம்மாளிகையின் பெயரே இடப்பெற்றது. மாளிகையோ எழவில்லை. 1957இல் நிலையம் குரோபோத்கின் பெயரைப் பெற்றது. பின்னாளில் அக்கோயிலே மீண்டும் கட்டப்பெற்று 2000ஆம் ஆண்டு திருநிலைப்படுத்தப்பட்டது. இடித்த கோயில், எழாத மாளிகை, மீண்ட கோயில் என மூன்று பாடங்களை மாந்தர் ஓர் ஆயுட்காலத்துக்குள்ளேயே கண்டனர்.

1938: இரு நிலையங்கள்

துஷ்கின் அமைத்த இரு நிலையங்கள் 1938ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றன. ஒன்று மார்ச்சுத் திங்களில் திறந்த புரட்சிச் சதுக்க நிலையம். மற்றொன்று செப்டம்பரில் திறந்த மாயகோவ்ஸ்கயா நிலையம். இவ்விரண்டும் சோவியத் நிலையக் கலையின் சிறந்த படைப்புகளுள் வைத்து எண்ணப்படுவன.

மாயகோவ்ஸ்கயா, 1930இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட கவிஞர் மாயகோவ்ஸ்கியின் பெயர் பூண்டது. அவரைச் சோவியத் காலத்தின் தலைசிறந்த கவிஞர் என 1935இல் ஸ்டாலின் குறித்த பின்னரே அவர் பெயர் நகரெங்கும் பரவலாயிற்று. துருப்பிடியா எஃகு தழுவிய மெல்லிய தூண்கள் மண்டபத்தைத் தாங்குகின்றன. விதானத்தின் நீள்வட்டக் குழிவுகளிலே மொசைக் என வழங்கும் பதிகல் ஓவியங்கள் உள்ளன. வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து ஆக்கிய அவ்வோவியங்களை வரைந்தவர் தெய்னேகா. லெனின்கிராடில் தம் பட்டறையிலே பதித்து முடித்தவர் பிரலோவ். சோவியத் நாட்டின் வானில் ஒரு முழுநாள் என்பதே பொருள். வானூர்தி, வான்குடையினர், மலர்ந்த மரக்கிளை, இரவின் ஒளி என நிலத்தின் அடியில் நிற்பவர் தலை நிமிர்ந்து வானத்தைக் காணுமாறு அவை அமைந்துள்ளன. 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் இந்நிலையத்தின் மாதிரிக்குப் பெரும்பரிசு கிடைத்தது.

புரட்சிச் சதுக்க நிலையத்தில் மனீஸர் வார்த்த 76 வெண்கல உருவங்கள் வளைவுகளின் இருபுறமும் அமைந்துள்ளன. வீரன், மாலுமி, உழவன், மாணவி, கோழி வளர்ப்பவள், எல்லைக் காவலன் முதலியோர் அவ்வளைவுகளின் கீழ்ப் பொருந்துமாறு பெரும்பாலும் அமர்ந்தோ மண்டியிட்டோ காணப்படுகின்றனர். இதனைக் கண்ட மக்கள், சோவியத் குடிமக்கள் ஒன்று அமர்ந்திருக்கின்றனர், அன்றேல் மண்டியிட்டிருக்கின்றனர் என்று எள்ளல்மொழி ஒன்று வழங்கினர். ருஷிய மொழியில் 'அமர்ந்திருத்தல்' என்னும் வினை சிறையிலிருத்தலையும் குறிக்கும். ஆகலின் இச்சிலேடை பேரச்சம் நிலவிய காலத்தைச் சுட்டுவதாயிற்று. 1937, 1938 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் 6,80,000-க்கு மேற்பட்டோர் தண்டனைத் தீர்ப்பின்பேரில் சுட்டுக்கொல்லப்பட்டனர் என்பது சோவியத் ஆவணங்களின் கணக்கு. அரசு எழுதுவித்த மூலம் ஒன்றாக, மக்கள் கண்ட உரை வேறாயிற்று.

மற்றோர் உரையும் அங்கு உண்டு. எல்லைக் காவலனுடன் இருக்கும் நாயின் மூக்கைத் தொட்டால் நற்பேறு வாய்க்கும் என மக்கள் நம்பலாயினர். தேர்வுக்குச் செல்லும் மாணவர் அதனைத் தொட்டுச் செல்வர். பல்லாயிரவர் கைபட்டு அம்மூக்கு மட்டும் பொன்போல் ஒளிர்கின்றது. ஆணையினால் அன்றிப் பொதுமக்கள் தம் கைகளாலேயே எழுதிய பாடம் இஃது ஒன்றே எனலாம்.

போர்க்காலம்

1941ஆம் ஆண்டு ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கிற்று. அக்டோபர் 16ஆம் நாள் காலை நிலையங்கள் திறக்கப்படவில்லை. பகைவர் கையில் சிக்காவாறு பாதையை அழித்துவிட ஆணை பிறந்திருந்தது. அன்றே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டு வண்டிகள் மீண்டும் ஓடின. அந்த ஒருநாள் நிகழ்ச்சி மாறியிருப்பின் இங்குப் பேசப்பெறும் கலை பலவும் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

குண்டுவீச்சு நிகழ்ந்த இரவுகளில் நிலையங்கள் மக்களின் புகலிடமாயின. நவம்பர் 6ஆம் நாள் அக்டோபர்ப் புரட்சியின் ஆண்டுவிழாக் கூட்டம் மாயகோவ்ஸ்கயா நிலையத்திலேயே நடைபெற, ஸ்டாலின் அங்குப் பேசினார். மறுநாள் செஞ்சதுக்கத்து அணிவகுப்பில் நிகழ்த்திய உரையில் அலெக்சாந்தர் நேவ்ஸ்கி, திமீத்ரி தான்ஸ்காய், மீனின், பஜார்ஸ்கி, சுவாரவ், குத்தூஸவ் என்னும் அறுவரைப் பெயர் சுட்டி, அம்முன்னோரின் வீரம் படையினர்க்கு ஊக்கம் தருக என்றார். புரட்சியைப் பேசிவந்த அரசு பண்டை வேந்தரையும் படைத்தலைவரையும் துணைக்கழைத்த இவ்வுரை பின்னர் ஒரு நிலையத்தின் விதானத்திலே ஓவியமாய் விரிந்தமையை அடுத்துக் காண்போம்.

போரின் நடுவிலும் கட்டடப் பணி நிற்கவில்லை. 1943ஆம் ஆண்டு நவம்பரில் திறந்த நோவகுஸ்நெத்ஸ்கயா நிலையத்தின் விதானத்துக்கும் தெய்னேகாவின் வரைவுகளைக் கொண்டு பிரலோவே ஓவியம் பதித்தார். முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடிலே பசியும் குளிரும் வாட்ட அவர் அப்பணியைச் செய்தார். 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கேயே உயிர் நீத்தார். 1938இல் திறந்த சுவெர்த்லோவ் சதுக்க நிலையத்துக்குச் சோவியத் நாட்டு மக்களினங்களின் நடனங்களைப் பீங்கானிற் புடைப்புருவங்களாகச் சமைத்த நத்தாலியா தான்கோ என்னும் பெண்கலைஞரும் அதே முற்றுகையின் கொடுமையால் உடல் நைந்து, நகரை விட்டு நீங்கிய பின்னர் 1942இல் மறைந்தார். நிலையக் கலையினை அரசின் விளம்பரம் என்னும் ஒரே சொல்லால் அளப்போர் இவ்விருவரையும் நினைத்தல் நலம்.

கோரினின் எட்டு ஓவியங்கள்

வட்டப்பாதையிலுள்ள கொம்சமோல்ஸ்கயா நிலையம் 1952ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் திறக்கப்பெற்றது. இதனைத் திட்டமிட்டவர் லெனின் நினைவு மண்டபத்தையும், இந்நிலையத்துக்கு மேலே நிற்கும் கசான் புகைவண்டி நிலையத்தையும் அமைத்த ஷூசெவ் ஆவார். 1949இல் அவர் மறைந்தபின் பிறர் பணியை நிறைவு செய்தனர். விதானத்தின் எட்டுப் பெரும் பதிகல் ஓவியங்களை வரைந்தவர் பாவெல் கோரின். இவர் 1892இல் பலேக் என்னும் ஊரில் திருவுருவ ஓவியம் தீட்டும் குடும்பத்திற் பிறந்தவர். ஆதலின் பொன்னிறப் பின்புலத்தே நேவ்ஸ்கியும் தான்ஸ்காயும் பழங்கோயில் ஓவியத்தின் சாயலுடன் விளங்குகின்றனர்.

எட்டனுள் ஐந்து ஸ்டாலின் சுட்டிய அறுவரைப் பற்றியன; மீனினும் பஜார்ஸ்கியும் ஒரே ஓவியத்தில் உள்ளனர். ஆறாவது பெர்லினில் வெற்றிக்கொடி நாட்டிய சோவியத் வீரரைக் காட்டுவது. எஞ்சிய இரண்டே நமக்கு இன்றியமையாதன. அவற்றுள் ஒன்றில் ஸ்டாலின் படையினர்க்குக் கொடி வழங்குவதாக இருந்தது. மற்றொன்று 1945ஆம் ஆண்டு வெற்றி அணிவகுப்பு. அதில் தலைவர்கள் நினைவு மண்டபத்தின் மீது நிற்க, பகைவர் கொடிகள் கீழே வீழ்த்தப்பட்டன.

இவ்வணிவகுப்பு ஓவியமே சுவடியியலார் கருதத்தக்க திருத்தங்களை அடைந்தது. 1953இல் பெரியா வீழ்ச்சியுற்றபின் அவர் உருவம் நீக்கப்பட்டது. மொலதோவ், ககனோவிச் ஆகியோர் 1957இல் பதவியிழந்தபின் அவர்களும் ஓவியத்தினின்று மறைந்தனர். 1961இல் ஸ்டாலின் உடல் நினைவு மண்டபத்தினின்று அகற்றப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அவ்வோவியம் முழுவதுமே மாற்றப்பெற்றது. தாய்நாடு என்னும் பெண்ணுருவம் பகைக்கொடிகளை மிதித்து நிற்கும் புதிய காட்சி அங்கு எழுந்தது. கொடி வழங்கும் ஓவியமும் நீங்க, லெனின் செஞ்சதுக்கத்தில் உரையாற்றும் காட்சி அவ்விடம் பெற்றது.

தம் ஓவியத்தைத் திருத்தியவர் கோரினே. பிறர் கைபட்ட இடைச்செருகல் அன்று. ஆசிரியர் கைப்படவே அமைந்த பாட வேறுபாடு. அவ்வாண்டு ஜனவரி 30ஆம் நாளே திறந்த நோவஸ்லபோத்ஸ்கயா நிலையத்திலும் அவர் வரைவின்படி ரீகா நகரக் கைவினைஞர் ஆக்கிய 32 வண்ணக் கண்ணாடி ஓவியங்கள் உள்ளன. அந்நிலையத்தின் கோடியில் குழந்தையை ஏந்திய தாயின் பதிகல் ஓவியம் உள்ளது. அதில் முன்பிருந்த ஸ்டாலின் உருவம் நீங்கி, வெண்புறாக்கள் பறக்கின்றன. இன்று அதனைக் காண்பவர் புறாக்களே முதலிலிருந்து இருந்தன என்று கொள்வர். பாட வேறுபாட்டின் தடமும் தெரியாதவாறு திருத்தம் நிறைவெய்தியது என்க.

கோரினின் வாழ்வில் மற்றொன்றும் கருதற்பாலது. மறைந்துவரும் சமய உலகத்து மாந்தரைப் பற்றி 'மறையும் ருஷியா' எனப் பெரும் ஓவியம் ஒன்று தீட்ட எண்ணிப் பல ஆண்டுகள் தனித்தனி உருவங்களை வரைந்தார். அதற்கெனப் பெருந்துணியும் ஆயத்தமாக இருந்தது. 1967இல் அவர் மறையும்வரை அத்துணி வெறுமையாகவே நின்றது. ஆணையின்பேரில் செய்தது பலமுறை திருத்தப்பட, உளம் விழைந்தது எழுதப்படாமலே போயிற்று. அக்காலக் கலைஞரின் நிலைமையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டா.

வெறுமையும் ஒரு திருத்தம்

1955ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், கட்டட அமைப்பில் மிகையான அணிகளை நீக்குக என்னும் ஆணை வெளிவந்தது. வீட்டுப் பற்றாக்குறை மிக்கிருந்த நாட்டில் இதற்கு நேரிய காரணம் இருந்தது. ஆயினும் ஆணை கலைஞரையும் விடவில்லை. லெனின்கிராத்ஸ்கயா விடுதியை அமைத்ததற்காகப் பொல்யகோவ் பெற்றிருந்த ஸ்டாலின் பரிசு பறிக்கப்பட்டது. சில நிலையங்களை அமைத்தவரும் அவரே. 1958ஆம் ஆண்டு மே முதல்நாள் திறந்த, இன்று வேதன்கா என வழங்கும் நிலையத்தில் பவோர்ஸ்கி முதலியோர் தொடங்கிய பதிகல் வேலைப்பாடு பச்சை வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. 1960களில் எழுந்த நிலையங்கள் ஒரே அச்சில் வார்த்தாற்போன்று எளியனவாயின.

பெயர்களும் மாறின. 1944இல் திறந்த ஸ்டாலின்ஸ்கயா 1961இல் செமியோனவ்ஸ்கயா ஆயிற்று. 1935இல் அஹோத்னி ரியாத் என்று திறந்த நிலையம் 1955இல் ககனோவிச் பெயரும், 1957இல் மீண்டும் பழம்பெயரும், 1961இல் மார்க்ஸ் பெயரும் பெற்று, 1990இல் பழம்பெயருக்கே திரும்பிற்று. கார்க்கியின் பெயர் பூண்ட நிலையமும் 1990இல் துவெர்ஸ்கயா ஆயிற்று.

மீட்பும் அதன் பொருளும்

இனி மீட்டலைக் காண்போம். 1950ஆம் ஆண்டு ஜனவரி முதல்நாள் திறந்த வட்டப்பாதைக் குர்ஸ்கயா நிலையத்தின் முகமண்டபத்தில் ஸ்டாலின் சிலை இருந்தது. மேலே 1944ஆம் ஆண்டு நாட்டுப்பண்ணில் ஸ்டாலினைப் போற்றும் பகுதி பொறிக்கப்பெற்றிருந்தது. பின்னர் இரண்டும் நீங்கின. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் புதுப்பித்தல் முடிந்து மண்டபம் திறந்தபோது அவ்வெழுத்துகள் மீண்டும் காணப்பட்டன, சிலை மீளவில்லை. தொடக்க வடிவத்தை அப்படியே தருகின்றோம் என்பது செய்தோர் கூற்று. கொல்லப்பட்டோரின் நினைவைப் போற்றும் மனித உரிமையாளர் இதனைக் கண்டித்தனர்.

அதே நாளில் திறந்த தகான்ஸ்கயா நிலையத்தின் கோடியில் தலைவர்க்கு மக்கள் நன்றி செலுத்துவதாக ஒரு சிற்பத் தொகுதி இருந்தது. 1966இல் மற்றொரு பாதைக்குச் செல்லும் வழி அமைக்கும்போது அஃது அகற்றப்பட்டது. 2025ஆம் ஆண்டு மே திங்களில், நிலத்தடிப் பாதையின் தொண்ணூறாம் ஆண்டு நிறைவை ஒட்டி, அதன் நகல் ஒன்று அந்நிலையத்தில் நிறுவப்பட்டது. மலர் வைத்தோரும் உளர். எதிர்ப்புத் தெரிவித்தோரும் உளர்.

இவற்றை மூலபாடத்தின் மீட்சி எனல் தகுமா? தகாது என்பதே எம் துணிபு. முதலாவது, குர்ஸ்கயாவில் மீண்டது மூலத்தின் ஒரு பகுதியே. சிலை வேண்டா, எழுத்து வேண்டும் எனத் தெரிந்தெடுத்தவர் 2009ஆம் ஆண்டினரே. இரண்டாவது, தகான்ஸ்கயாவில் நிற்பது நகலேயன்றி மூலம் அன்று. மூன்றாவது, 1950இல் அச்சிற்பத்தைக் கண்டவர்க்கு அதனை மறுத்துக் கூறும் உரிமை இல்லை. 2025இல் அதனை வைத்தோர் கொலைப்பட்டியல்களை அறிந்த பின்னரே வைத்தனர். உருவம் ஒன்றேயாயினும் பொருள் ஒன்றன்று. எனவே மீட்பு என்பது பழம்பாடம் அன்று. பழம்பாடத்தின் வடிவில் எழுதிய புதுப்பாடம்.

யாதொரு மாற்றமும் செய்யாமலே பொருள் மாறுதலும் உண்டு. 1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறந்த வட்டப்பாதைக் கியெவ்ஸ்கயா நிலையம், உக்ரைனும் ருஷியாவும் இணைந்த முந்நூறாம் ஆண்டினைப் போற்றி இருநாட்டு நட்பை ஓவியங்களாற் காட்டுவது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ருஷியப் படை உக்ரைன் மீது பெரும்போர் தொடுத்தபின் அவ்வோவியங்களை முன்போல் படித்தல் எவர்க்கும் இயலாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன சில. நிலத்தடி நிலையக் கலை அரசின் ஆணையாற் பிறந்தது. ஆயின் பிரலோவ், தான்கோ போன்றோரின் உழைப்பினால் ஆணையைக் கடந்து நிற்கின்றது. அழித்தோர் ஒரு கொடுமையின் நினைவைத் துடைப்பதாகக் கருதினர். ஆயினும் அக்கொடுமைக்கு மக்கள் பணிந்து நின்றனர் என்னும் சான்றினையும் உடன் துடைத்தனர். மீட்டோர் வரலாற்றைத் திருப்பித் தருவதாகக் கூறினர். ஆயினும் அழித்தமையும் வரலாறே என்பதனை மறைத்தனர்.

பதிப்பாசிரியர்க்கு மூன்றாம் வழி ஒன்று உண்டு. ஏற்றுக்கொண்ட பாடத்தை மேலே வைத்து, ஏனையவற்றைக் காலமும் ஏடும் குறித்துக் கீழே தருவது அவ்வழி. கொம்சமோல்ஸ்கயாவின் விதானத்தின் கீழ், இங்கு முன்பு இன்ன ஓவியம் இருந்தது, இன்ன ஆண்டு இன்ன காரணத்தால் நீங்கிற்று என்று சில வரிகள் பொறித்தால் நிலையத்தின் எழில் ஒருசிறிதும் குன்றாது. கீழே நடக்கும் குடிமகன் தன் நாட்டின் வரலாற்றைத் திருத்தங்களோடு சேர்த்துப் படிப்பான். எந்நகரத்தும் பொதுவிடத்துக் கலையைப் பேணுவோர்க்கு இது பொருந்தும். அடிக்குறிப்பில்லாப் பதிப்பு படிப்பவரை ஏமாற்றும். அடிக்குறிப்பில்லாச் சுவரும் அத்தகையதே.